அழகைப் பற்றிய வாக்குவாதத்தைத் தீர்ப்பது எப்படி: ஆத்தங்குடிக் கல்லை வைத்து ஒரு செய்முறை

செட்டிநாட்டில் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கியவர்களுக்குத் தெரியும். ஓடு மாற்றுவதிலோ கரையான் அரித்த உத்திரத்தை எடுப்பதிலோ சண்டை வராது. பட்டாசாலைத் தரைக்கு எந்தக் கல், எந்தப் பூ, எந்த நிறம் என்று வரும்போதுதான் வேலை வாரக்கணக்கில் நிற்கும். அதுவும் பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒருவர் "அழகெல்லாம் அவரவர் கண்ணைப் பொறுத்தது, பேசிப் பயனில்லை" என்பார். இன்னொருவர் "எது அழகு என்று கண்ணிருக்கிற யாருக்கும் தெரியுமே" என்பார். இருவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்று பிரித்தெடுக்கும் முறை இது. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லை வைத்துச் சொல்லியிருந்தாலும் சுவர்ப் பூச்சு, கதவு நிலை, சேலை எதற்கும் இதே வரிசை ஒத்துவரும்.

தேவையானவை: ஆறு வகை மாதிரிக் கல். ஒவ்வொரு வகையிலும் 16 கல் கிடைத்தால் நல்லது, குறைந்தது 4 வேண்டும். ஆறில் ஒரு வகை, கண்ணுக்குத் தெரிகிற வேலைப் பிழை உள்ளதாக இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது. கடைசியில் அதற்குப் பதிலாக வைக்க இன்னொரு நல்ல வகையும் கையில் இருக்கட்டும். ஒரு இஞ்ச் டேப், ஒரு டார்ச், ஒரு வெள்ளை வேட்டி, ஆளுக்கொரு தாளும் பென்சிலும். காலை, உச்சி, மாலை மூன்று வெளிச்சமும் வேண்டியிருப்பதால் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு மணி நேரம் தேவைப்படும்.

முதலில் கேள்வியைப் பிரிக்க வேண்டும்

"இது அழகா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வேலை சுத்தமாக இருக்கிறதா? இந்த இடத்துக்குப் பொருந்துகிறதா? எனக்குப் பிடித்திருக்கிறதா? முதல் கேள்விக்கு உள்ளங்கையும் டேப்பும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குக் காரணம் காட்டி வாதாடலாம், காரணம் வலுவாக இருந்தால் எதிராளி மனம் மாறுவார். மூன்றாவதில் வாதத்துக்கு இடமே இல்லை, ஒருவரை இன்னொருவர் மதிக்கலாம், அவ்வளவுதான்.

ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1790-ல் இந்தப் பிரிவைத் தெளிவாக வைத்தார். ஒரு பானம் எனக்கு இனிக்கிறது என்று சொல்கிறவர், பிறருக்கும் அது இனித்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒன்றை அழகு என்று சொல்கிறவரோ மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறார். ஆனால் கணக்கைப் போல அதை நிரூபித்துக் காட்ட அவரிடம் எந்த விதியும் இல்லை. அழகைப் பற்றிய பேச்சு சூடாவதற்கு இந்த இரட்டை நிலைதான் காரணம். உரிமை பெரியது, கையில் இருக்கும் சான்று சிறியது.

ஆகவே தாளில் மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு மாதிரியைப் பற்றியும் தோன்றுவதை உரிய பத்தியில் எழுதச் சொல்லுங்கள். நான்காவதாக ஒரு ஓரமும் விடுங்கள். விலை, கௌரவம், சாங்கியம், நினைவு எல்லாம் அந்த ஓரத்துக்குப் போகட்டும். "இது அப்பச்சி ரங்கூனிலிருந்து வந்த வருஷம் பதித்த கல்" என்பது பெரிய காரணம். கல்லை எடுக்காமல் வைத்துக்கொள்ள அதுவே போதும். ஆனால் அது அழகுக்கான காரணம் ஆகாது. மனையடி சாஸ்திரப்படி அறை நீளம் இத்தனை அடி இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். அதை மதிக்கலாம், அழகுப் பத்தியில் மட்டும் எழுதக் கூடாது. இந்த ஓரம் இல்லாத வீடுகளில், நினைவுக்காகப் பேசுகிறவரும் நிறத்துக்காகப் பேசுகிறவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் மோதிக்கொள்வார்கள்.

வேலைப் பிழை: கண்ணுக்கு முன்னால் கையை வையுங்கள்

பிழையைப் பார்க்க, கல் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. சுத்தமாகத் துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு வைக்கப்படுகிறது. சிமெண்டு, மணல், ஆக்சைடு நிறம் சேர்த்துக் கரைத்த குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கி எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்கவிடுகிறார்கள். அதன் மேல் தடித்த காரை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, பிறகு உலர்த்துவார்கள். கண்ணாடி கழன்று வந்துவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுச்சென்றதுதான், மேலே எந்த மெருகும் பூசுவதில்லை. இந்த வரிசையில் எங்கே கை தவறினாலும் அது முகத்தில் தெரியும்.

கோடு கலங்கியிருந்தால் குழம்பில் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது அச்சைச் சாய்த்துத் தூக்கியிருக்கிறார்கள் என்று பொருள். முகத்தில் குண்டூசி முனையளவு துளைகள் இருந்தால் ஊற்றும்போது காற்றுக் குமிழி உடையாமல் தங்கிவிட்டது. பளபளப்பில் திட்டுத்திட்டாக மங்கல் இருந்தால் கண்ணாடி சரியாகத் துடைக்கப்படவில்லை. விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே நிற அடுக்கு, கீழே காரை என்று பிரிவு தெரியும். நிற அடுக்கு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் காகிதம் போல மெலிந்தும் இருந்தால், மெலிந்த பக்கம் சில வருட நடையில் தேய்ந்து காரை வெளியே வரும்.

வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பலர் நிறப் பிழை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஈரத்தோடு மேலே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிந்த படலம் அது. ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். நிறம் தெளிந்து, காய்ந்ததும் மீண்டும் வெள்ளை எட்டிப் பார்த்தால் அது பூப்புதான். புழங்கப் புழங்கக் குறையும். அவசரப்பட்டு ஆசிட் ஊற்றினால் பூப்போடு பளபளப்பும் போய்விடும், அது திரும்ப வராது.

மூலை பார்ப்பதற்கு மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். 8 இஞ்ச் சதுரக் கல்லில் மூலைவிட்டம் 287 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் கல் சதுரம். ஒன்றுக்கொன்று 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பதிக்கும்போது பத்துக் கல் தாண்டுவதற்குள் கோடு ஓடத் தொடங்கிவிடும். பிறகு நான்கு கல்லைச் சேர்த்து வைத்து, நடுவில் கூடும் பூவின் இதழ்கள் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள்.

கைவேலைக்கே உரிய சிறு மாற்றம் வேறு, பிழை வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு கல்லின் இதழ் இன்னொரு கல்லின் இதழைவிட நூலிழை தடித்திருப்பதும், அச்சில்லாமல் கையால் இழுத்த பூக்கள் ஒன்று போல் ஒன்று இல்லாததும் பிழையாகாது. பதினாறு கல்லைப் பரப்பிப் பார்க்கும்போது அந்த மாற்றம்தான் தரைக்கு உயிர் தருகிறது. இயந்திரத்தில் அச்சிட்ட பூவை அதே பரப்பில் விரித்துப் பாருங்கள், கண் ஒரு நொடியில் முழுவதையும் படித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். கோடு நோக்கத்தை மீறிப் போயிருந்தால் பிழை, நோக்கத்துக்குள் அசைந்தால் கைவேலை. இந்த வரையறையை வைத்துக்கொண்டால் பாதி வாதம் அடங்கும்.

சுவரிலும் இப்படியே. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழுவழுப்பான கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகு, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைக் கிடையாக ஓட விடுங்கள். மேடு பள்ளம் அத்தனையும் நிழலாக எழுந்து நிற்கும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டு எழும்பியிருக்கிறது. பழைய பூச்சின் மேல் எனாமலோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்திருந்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளம் போடும். "இந்தச் சுவர் ஏனோ பார்க்க நன்றாக இல்லை" என்று காரணம் தெரியாமல் சொல்கிற பலர் உண்மையில் இந்தக் கொப்பளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பிழையுள்ள மாதிரி ஏன் வேண்டும் என்பதற்கு வருவோம். ஸ்காட்லாந்து தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757-ல் ஒரு பழைய ஸ்பானியக் கதையை எடுத்துச் சொன்னார். ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவை ருசி பார்த்த இருவரில் ஒருவர், நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாடை என்றார். மற்றவர் இரும்பு வாடை என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. சாவி அகப்படாமலே போயிருந்தாலும் அவர்கள் நாக்கு சொன்னது சரிதான் என்பது ஹியூமின் வாதம். பயிற்சி, பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம், முன்முடிவு இல்லாத மனம் இவை இருப்பவரின் தீர்ப்புக்குக் கூடுதல் எடை உண்டு என்றார் அவர். உங்கள் ஆறாவது மாதிரிதான் அந்தச் சாவி. யாரெல்லாம் தாமாக அந்தப் பிழையைக் கண்டுபிடித்தார்களோ, வேலைச் சுத்தம் பற்றிய பத்தியில் அவர்கள் பேச்சைக் கூடுதலாகக் கேளுங்கள். காணாதவர்களுக்கு டார்ச்சைக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். பழக்கிக்கொள்ள முடிகிற ஒன்றை முழுக்கச் சொந்த விருப்பம் என்று தள்ளிவிட முடியாது.

அளவு எதுவரை உதவும்?

அளவுக் கணக்கில் அழகு முழுவதும் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இந்த வட்டாரத்தில் அதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர்கள் ஸ்தபதிகள்தான். சிற்ப மரபில் தாலம் என்ற முக அளவை வைத்து உருவத்தின் உயரம் வகுக்கப்படுகிறது. பத்து முக உயரமான தசதாலத்தில் உத்தம வகைக்கு 124 அங்குலம், மத்திமத்துக்கு 120, அதமத்துக்கு 116. இந்த அங்குலம் டேப்பில் இருக்கும் இஞ்ச் இல்லை, உருவத்தின் உயரத்திலிருந்தே வகுத்தெடுக்கும் பங்கு. இதை மீறிய உருவம் கோணிப்போகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே அளவில் வேலை செய்த இரண்டு சிற்பிகளின் கையில் ஒன்று பேசும், மற்றது கல்லாகவே நிற்கும்.

பிள்ளையார்பட்டியில் 1927-ல் பிறந்த கணபதி ஸ்தபதியின் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம் 38 அடி, மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு உருவம் 95 அடி. இந்த எண்களை யாரும் எழுதிவைத்துக்கொள்ளலாம். இத்தனை டன் கல்லைத் தூக்கி நிறுத்தி, இடுப்பில் அந்த மெல்லிய ஒசிவைக் கொண்டுவந்தது எந்த எண்ணிலும் இல்லை. அளவு கீழே விழாமல் காக்கும், மேலே ஏற்றுவது கை.

பொன் விகிதம் என்று சொல்லப்படும் 1:1.618 பற்றியும் இதே எச்சரிக்கை. 1876-ல் ஜெர்மன் ஆய்வாளர் ஃபெக்னர் பல செவ்வகங்களைக் காட்டிக் கேட்டபோது அந்த விகிதத்துக்கே அதிகம் பேர் கை காட்டினார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்த முடிவு உறுதியாக நிற்கவில்லை. அதைக் கணக்கிட்டு அறையின் ஓரப் பட்டையை அமைக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெளிச்சமும் பக்கத்து நிறமும்

இங்கேதான் மிக அதிகமான வீண் சண்டைகள் பிறக்கின்றன. கல்லைக் கடை வாசலில் வெயிலில் பார்த்தவரும், வீட்டுப் பட்டாசாலையில் டியூப் லைட்டில் பார்த்தவரும் ஒரே கல்லைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இருவர் கண்ணுக்குப் போன நிறமும் வேறு.

செட்டிநாட்டு வீட்டில் உள்ளறைகளுக்கு வெளிச்சம் வளவு எனும் நடு முற்றத்தின் வழியாகக் கடனாகத்தான் வருகிறது. காரைக்குடி ஏறக்குறைய வடக்கு 10 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலிருந்து முற்றத்தில் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் அதே நேரத்தில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும். ஆகவே பரப்பிய மாதிரிகளை, பதிக்கப்போகும் அதே இடத்தில், காலை 8 மணி, உச்சி, மாலை 5 மணி மூன்று முறையும் விளக்குப் போடாமல் பாருங்கள். இருட்டிய பின் நீங்கள் தினமும் போடும் விளக்கில் ஒரு முறை பாருங்கள். நின்று பார்ப்பதோடு விடாமல் உட்கார்ந்தும் பாருங்கள். தரை, உட்கார்ந்து பார்க்கும் பொருள்.

ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 16 கல்லை நாலுக்கு நாலாக வைத்தால் 2 அடி 8 இஞ்ச் சதுரம் கிடைக்கும். தனிக் கல்லில் ஆர்ப்பாட்டமாகத் தெரிந்த பூ பரப்பில் அடங்கிப்போவதும், தனியாக அடக்கமாக இருந்த கட்டம் பரப்பில் கண்ணைச் சுற்றவைப்பதும் உண்டு. எல்லா மாதிரிகளும் ஒன்று உலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாமே நனைந்திருக்க வேண்டும். நனைந்த கல் எப்போதும் ஆழ்ந்த நிறம் காட்டும், உலர்ந்ததோடு போட்டிக்கு நிறுத்தினால் அதுவே ஜெயிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் காட்டிய கல்லுக்கும் அதே சலுகை கிடைத்துவிடும்.

பக்கத்து நிறம் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. பாரீஸில் கோபெலின் நெசவுக் கூடத்துச் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரூலிடம், கருப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை என்று அவர் கண்டார். கருப்பு நூலின் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கருப்பை மங்கவைத்தன. அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை 1839-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். வீட்டில் சோதிக்க, ஒரே சிவப்புக் கல் இரண்டை எடுத்து, ஒன்றைப் பச்சை ஓரத்தோடும் மற்றதை மஞ்சள் ஓரத்தோடும் சேர்த்து வையுங்கள். பச்சையோடு இருக்கும் சிவப்பு இன்னும் சூடாகத் தெரியும். வேட்டியால் ஓரங்களை மூடினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

"இந்தச் சிவப்பு கண்ணைக் குத்துதப்பா" என்று அப்பத்தா சொன்னால், "உங்களுக்குப் பிடிக்கலை அப்பத்தா, அவ்வளவுதான்" என்று பேரன் முடித்துவிடக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஓரத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். அப்போது குத்தவில்லை என்று அவர் சொன்னால், நீங்கள் மாற்ற வேண்டியது விளக்கையோ ஓரத்தையோதான். இரண்டு சோதனைக்குப் பிறகும் குத்துகிறது என்றால் மட்டும் அதைப் பிடித்தப் பத்தியில் எழுதுங்கள்.

பொருத்தம்: மூடிப் பார்ப்பதும் எடுத்துப் பார்ப்பதும்

முகப்பில் நிலைக்கு நேராக நின்று உள்ளே பாருங்கள். பல செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசல், வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நிழலும் வெளிச்சமும் மாறி மாறிக் கண்ணை உள்ளே இழுத்துப் போகும். அந்தக் கோட்டில் ஒரு பிரிட்ஜோ சோபாவோ நின்றால் வீட்டின் பாதி அழகு மறைந்துவிடுகிறது. இதை நம்பாதவருக்கு வாதம் தேவையில்லை. பொருளைத் தள்ளிவைத்துவிட்டு நிற்கவைத்தால் போதும்.

பொருத்தப் பத்தியில் எழுதும் ஒவ்வொரு கருத்துக்கும் "ஏனென்றால்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். "இந்தப் பெரிய பூ இந்த அறைக்கு வேண்டாம், ஏனென்றால் அறை 9 அடிதான், பூ இரண்டு கல்லுக்கு ஒரு முறை திரும்ப வருவதால் சுவரோரம் பாதிப் பூவாக வெட்டுப்படும்" என்பது பேசக்கூடிய காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 9 அடி என்றால் 108 இஞ்ச், 8 இஞ்ச் கல்லில் பதின்மூன்றரை. ஓரப் பட்டைக்குப் பக்கத்துக்கு ஒரு கல் விட்டால் நடுவில் பதினொன்றரை. பூ வெட்டுப்படுவது உறுதி. பட்டையின் அகலத்தைப் பக்கத்துக்கு 6 இஞ்சாக வைத்தால் நடுவில் 96 இஞ்ச் கிடைக்கும், சரியாகப் பன்னிரண்டு கல், ஆறு முழுப் பூ. இங்கே அழகைப் பற்றிய கருத்து வேறுபாடு ஒரு வகுத்தல் கணக்கில் தீர்ந்துவிட்டது. "ஏனென்றால்" எழுத வராத கருத்தைத் தயங்காமல் மூன்றாம் பத்திக்கு நகர்த்துங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை.

சந்தேகமுள்ள ஒவ்வொன்றையும் வேட்டியால் மூடி, நிதானமாக முப்பது எண்ணிவிட்டுத் திறந்து பாருங்கள். மூடியபோது நிம்மதி வந்ததா, வெறுமை வந்ததா என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். தூணிலிருக்கும் வேலைப்பாட்டுக்கும், ஐரோப்பாவிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடிக்கும், புதிதாகத் தொங்கவிட நினைக்கும் சரவிளக்குக்கும் இது ஒத்துவரும்.

பிடித்தம்: அதையும் எண்ணிப் பார்க்கலாம்

மேலே சொன்ன இரண்டும் முடிந்த பின்புதான் இதற்கு வர வேண்டும். பிழையுள்ள மாதிரியை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல மாதிரியை வைத்து மறுபடி ஆறாக்குங்கள். ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், 1 முதல் 6 வரை வரிசைப்படுத்தி எழுதட்டும். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மரியாதைக்காக மற்றவர் தலை ஆடும், பிறகு அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. கல்லின் விலையையும் எந்தப் பட்டறையில் எடுத்தது என்பதையும் சொல்லாதீர்கள்.

ஐந்து பேர் எழுதினால் ஒவ்வொரு கல்லுக்கும் கிடைத்த எண்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 5 முதல் 30 வரை இருக்கலாம், நடு மதிப்பு 17.5. ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் 17.5-க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, 437.5-ஆல் வகுங்கள். உதாரணத்துக்குக் கூட்டுத்தொகைகள் 8, 11, 16, 19, 24, 27 என்றால் வர்க்கங்களின் கூட்டல் 269.5. வகுத்தால் 0.62. எல்லோரும் அச்சு மாறாமல் ஒரே வரிசை எழுதினால் 1 வரும். கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் 1939-ல் கொடுத்த ஒற்றுமைக் கணக்கு இது. ஐந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் சராசரியாக 0.2 வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். 0.3-க்குக் கீழே வந்தால் அந்தக் குடும்பத்தில் இந்தக் கற்களைப் பற்றிப் பொது ரசனை இல்லை என்றே கொள்ளுங்கள். 0.6-க்கு மேலே வந்தால், எதையோ எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். அது என்ன என்று தேடினால் பெரும்பாலும் நிற ஒற்றுமையிலோ கோட்டின் தெளிவிலோ போய் நிற்கும்.

ஒரு வாரம் கழித்து, பழைய தாளைக் காட்டாமல் அதே ஆட்கள் மறுபடி எழுதட்டும். ஒருவருடைய முதலிடம் ஐந்தாமிடத்துக்குப் போயிருந்தால் அது ரசனை இல்லை, அன்றைய களைப்பு. தினமும் கண்ணில் பட்ட மாதிரி சற்று மேலேறியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அடிக்கடி பார்த்தாலே விருப்பம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-ல் சோதனைகளோடு காட்டினார். அதனால் வாரம் முழுக்க மாதிரிகளை வேட்டியால் மூடியே வையுங்கள்.

மனித முகங்களைப் பற்றி இரட்டையர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. எந்த முகம் அழகு என்பதில் இரண்டு பேர் ஏறக்குறையப் பாதி ஒத்துப்போகிறார்கள், பாதி வேறுபடுகிறார்கள். வேறுபடும் பகுதிக்குப் பிறவியைவிட அவரவர் வாழ்ந்த அனுபவமே பெரிய காரணம் என்று அது கண்டது. முகத்துக்குச் சொன்னதை அப்படியே கல்லுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிக்கு ரசனை மாறுவதைக் குறையாக நினைக்க வேண்டாம் என்பதற்கு இது போதுமான ஆறுதல்.

சேலைக்கும் கொட்டானுக்கும்

கண்டாங்கிச் சேலை எடுக்கும்போது வரிசை இதுவே, நேரம்தான் குறையும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியில் கட்டமும் கோடும் அகலக் கரையும்தான் பேச்சு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழை நெருக்கம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மடிப்பில் பார்க்காமல் தோளில் போட்டு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கடுகு மஞ்சள் பிடிக்குமா, அரக்கு பிடிக்குமா என்பது உடுத்துகிறவர் பாடு. பனையோலைக் கூடையான கொட்டானில் விளிம்பு வட்டம், அடிப்பாகம் ஆடாமல் நிற்பது, பின்னலில் ஓலை மடங்கி முறியாதது மூன்றும் வேலைச் சுத்தம். மற்றது விருப்பம்.

எல்லாம் செய்தும் பிரிந்தே நின்றால்

வேலை சுத்தம், பொருத்தம் இரண்டிலும் தேறிய கல் இரண்டு மூன்று நிற்கும்போது ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றவர் அந்தத் தரையில் நடக்கும் வரை அதை மறக்கமாட்டார். இடத்தைப் பிரியுங்கள். பொது இடமான வளவுக்கும் பட்டாசாலைக்கும், யாருடைய தாளிலும் கடைசி இரண்டு இடத்துக்குப் போகாத கல்லை எடுங்கள். முதலிடம் அதிகம் வாங்கிய கல்லைவிட இது நீண்ட காலம் அமைதி தரும். அவரவர் அறைக்கு அவரவர் முதலிடம். இரண்டு வகை சந்திக்கும் வாசற்படியில் ஒற்றை நிறப் பட்டை ஒன்றை ஓடவிட்டால், ஷெவ்ரூல் சொன்ன நிறச் சண்டை அங்கே நிகழாது.

ஆர்டர் கொடுக்கும்போது 100 சதுர அடிக்கு 8 இஞ்ச் கல் 225 என்று கணக்கிட்டு, வெட்டுக்கும் உடைசலுக்கும் மேலும் 15 முதல் 20 கல் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த தடவை கலக்கும் ஆக்சைடில் நிறம் நூலளவு மாறும், பக்கத்தில் வைத்தால் அது தெரிந்துவிடும். பதிப்பதற்கு முன் நான்கைந்து கட்டிலிருந்தும் கலந்து எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். ஒரே கட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் தரையில் திட்டு விழும். மீந்த கல்லையும் எல்லோரும் எழுதிய தாள்களையும் பரணில் ஒன்றாகப் போட்டு வையுங்கள். அடுத்த அறைக்குக் கல் எடுக்கும்போது இரண்டுமே தேவைப்படும்.